ஆற்றுக்கு அக்கரையில் மூன்று புகை

கொழும்புக்குத் திரும்பி வந்தபோது என் சாரணர் கழுத்துத் துணி என்னிடம் இல்லை. எங்கே என்று எங்கள் படைத்தலைவர் கேட்டார். ஆற்றோடு போயிற்று என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பொய் வாயில் வரவில்லை, கோபம்தான் வந்தது. நடந்ததை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தை மகளுக்குக் கலியாணம் என்று அப்பா என்னைத் திருநெல்வேலிக்கு அனுப்பியிருந்தார். பாளையங்கோட்டை மிஷனில் வேதத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. தாத்தா கொழும்பில் ஒரு கடைக்குக் கணக்கெழுதப் போனவர், திரும்பவே இல்லை. அப்பா இன்னும் பாளையங்கோட்டையைத்தான் ஊர் என்கிறார். நான் பிறந்தது, படித்தது, சாரணனானது எல்லாம் கொழும்பில். இருபத்தொரு வயதில் முதல்முறையாக அப்பாவின் ஊரைப் பார்க்கக் கடல் தாண்டினேன்.

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வருவதில்லை. எட்ட நின்றுகொண்டு ஆட்களைப் படகில் இறக்கிவிடுகிறது. வயிற்றில் இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கரையேறி ரயிலைப் பிடித்தேன். எதிரே பேட்டை வியாபாரி ஒருவர் கருப்பட்டிச் சிப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பிக்கு எந்தூரு?”

“கொழும்பு.”

“அது சரி. அதுக்கு முந்தி?”

“பாளையங்கோட்டை.”

“பாளையங்கோட்டையில எந்தத் தெரு?”

தெருவைச் சொன்னேன். அப்பா பேர், தாத்தா பேர், தாத்தாவுக்குப் பெண் கொடுத்த ஊர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இறங்குவதற்குள் அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. முகம் தெளிந்து ஒரு துண்டு கருப்பட்டியை உடைத்துக் கொடுத்தார். கொழும்பு ரயிலிலும் கேட்பார்கள். என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்பார்கள். அதுவும் மரியாதையான கேள்வியில்லை. ஆனால் வேலையை மாற்றிக்கொள்ளலாம்.

கலியாணம் நடக்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா திடீரென்று தவறிப்போனதால் தள்ளிவைத்துவிட்டார்கள். அடுத்த கப்பல்வரை நான் சும்மா. அத்தை, கலியாணத்துக்கு வாங்கிய தேங்காய் வீணாகக் கூடாது என்று தினமும் சொதி வைத்தாள். எங்கள் வீட்டுச் சொதி இடியப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளும் தண்ணீர். அத்தை வைத்தது பருப்பும் காய்கறியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கெட்டியாக, சோற்றுக்கு விட்டுக்கொண்டு இஞ்சிப் பச்சடியைத் தொட்டுத் தின்பது. இந்த ஒரு விஷயத்தில் ஊர் கொழும்பை ஜெயித்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன். வேறு விஷயம் எதுவும் எனக்கு அகப்படவில்லை.

என் பெட்டியில் காக்கிச் சட்டையையும் கழுத்துத் துணியையும் பார்த்தவன் அத்தை மகன் சாமுவேல். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் படிக்கிறான். பார்த்த அன்றே தன் கூட்டாளி சங்கரலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். சங்கரலிங்கம் திருநெல்வேலி டவுணில் ஒரு வக்கீலின் மகன். பணிவான பையன், நெற்றியில் விபூதி, பேச்சில் நெருப்பு.

“வெள்ளக்காரப் பிள்ளைகளும் சட்டைக்காரப் பிள்ளைகளும் சாரணருன்னு கூடாரம் போடலாமாம், கொடி புடிக்கலாமாம். நாம கேட்டா, உங்களுக்கு எதுக்குங்கான். கூட நிக்கவே விடமாட்டேங்கான். அதான் அண்ணாச்சி, நாங்களே ஒரு படை ஆரம்பிச்சிட்டோம். வாத்தியார் கெடையாது, பெரியாளு கெடையாது. எல்லாம் பையங்கதான்.”

சட்டைக்காரர் என்று அவன் சொன்னது ஆங்கிலோ இந்தியரை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கொழும்பில் எங்கள் படையில் தமிழனும் சிங்களவனும் பறங்கியும் ஒரே சட்டியில் அள்ளித் தின்கிறோம். அது பெரிய காரியம் என்று அதுவரை நினைத்ததில்லை. சங்கரலிங்கம் பேசியதைக் கேட்டபிறகு நினைத்தேன். மறுநாளே ஆற்று மணலில் அவர்களோடு போய் நின்றேன். இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். என்னைக் கொழும்பு அண்ணாச்சி என்றார்கள். நான் அவர்களுக்கு முடிச்சுகளும் தடம் பார்ப்பதும் சொல்லிக்கொடுத்தேன். சாரணர் இடது கையால்தான் கைகுலுக்க வேண்டும் என்றேன். இடது கையா என்று முகம் சுளித்து, கும்பிடுவது என்று தீர்மானித்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. கும்பிடுவதும் நல்ல வழக்கம்தான்.

அந்தக் கூட்டத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் மிக்கேல். தாமிரபரணி கடலில் சேருகிற புன்னக்காயலில் படகுக்காரர் வீட்டுப் பையன். கத்தோலிக்கர்கள். உபாத்தியாயர் படிப்புக்காகப் பாளையங்கோட்டையில் தங்கியிருந்தான். நன்றாகப் பாடுவான், நன்றாகப் பொய் சொல்வான், எந்த வேலைக்கும் முதலில் கிளம்பிவிடுவான். படைக்கு இன்னும் தலைவன் இல்லை. மேற்கே மலையடியில் முகாம் போட்டுக் கடைசி நாளில் பையன்களே ஒருவனைத் தேர்ந்தெடுத்து அவன் கையில் விசிலைக் கொடுப்பது என்று ஏற்பாடு. போட்டி சங்கரலிங்கத்துக்கும் மிக்கேலுக்கும். பாதிப்பேர் மிக்கேல் பக்கம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

மலைக்குப் போகிற வழியில் மிக்கேல் வண்டிக்குப் பின்னால் என்னோடு நடந்துவந்தான். அந்த விசில் அவ்வளவு முக்கியமா என்று கேலியாகக் கேட்டேன்.

“எனக்கு வேணும் அண்ணாச்சி,” என்றான். அப்போது அவன் சிரிக்கவில்லை. “பாளையங்கோட்டைக்கு வந்த நாள்ல இருந்து யாராவது ‘ஏலே, இங்கன வா’ன்னு கூப்புடுதாக, நான் போறேன். ஒரு தடவ நான் ஊதி, அவுக வரணும். அவ்வளவுதான்.”

அவன் கேட்டது அவ்வளவுதான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

வண்டியில் அரிசி, பருப்பு, பானைகள், இவற்றோடு ஒரு தவசுப்பிள்ளை. சமையல்காரரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பையன்கள் தாங்களே சமைத்துச் சாப்பிடுவதல்லவா முகாம் என்று நான் கேட்டேன். அவர் வந்தால்தான் அனுப்புவேன் என்று அப்பா சொல்லிவிட்டதாகச் சங்கரலிங்கம் சொன்னான். தவசுப்பிள்ளை பொங்கினால் யார் வீட்டுப் பிள்ளையும் சாப்பிடலாமாம். எல்லா வீட்டிலும் அதற்குச் சம்மதம். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு நாக்கு நீளம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

தவசுப்பிள்ளை வண்டியில் ராஜாபோல உட்கார்ந்து எங்களை விரட்டிக்கொண்டே வந்தார். அம்பாசமுத்திரம் தாண்டி ஒரு வாய்க்கால் ஏற்றத்தில் கடையாணி கழன்று சக்கரம் தனியாக உருண்டு வயலுக்குள் போய்விட்டது. வண்டி சாய்ந்தது. அரிசி மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, பானைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தவசுப்பிள்ளையின் கணுக்கால் மட்டும் பந்தாக வீங்கிவிட்டது.

“ஏலே வண்டிக்காரா, மாட்டுக்கு முன்னால உன்னயக் கட்டணும்லே,” என்று திட்டிக்கொண்டே எதிரே வந்த வைக்கோல் வண்டியில் ஏறி ஊருக்குத் திரும்பினார். எல்லாரும் சிரித்தோம். எனக்கு ரொம்பச் சந்தோஷம். இனி உண்மையான முகாம் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் ஆற்றங்கரையில் ஒரு மருதமரத்தடியில் கூடாரம் போட்டோம். அடுப்பு மூட்ட நேரமில்லை. அவலையும் கருப்பட்டியையும் ஒரே வேட்டியில் கொட்டி, சுற்றி உட்கார்ந்து எல்லாரும் ஒன்றாக அள்ளித் தின்றோம். கை மேல் கை பட்டது. மிக்கேல் பாடினான். சங்கரலிங்கம் தொடையில் தாளம் போட்டான். அவலுக்குத் தீட்டில்லை, அடுப்பில் ஏறினால்தான் தீட்டு என்பது கொழும்பில் வளர்ந்தவனுக்கு எப்படித் தெரியும்?

காலையில் குளிக்கப் போனபோது ஒன்று கவனித்தேன். யாரும் சொல்லாமலேயே சங்கரலிங்கமும் அவன் பக்கத்துப் பையன்களும் மேலே ஏறிப்போய் இறங்கினார்கள். அவர்களுக்குக் கீழே சாமுவேலும் அவன் தெரு மிஷன் பையன்களும். மிக்கேல் எல்லாருக்கும் கீழே, கழுத்தளவு தண்ணீரில் நின்று கத்தினான்.

“பைய குளிங்க அண்ணாச்சிமாரே. நீங்க எல்லாரும் குளிச்ச தண்ணிதான் கடைசியில எங்க ஊருக்கு வருது. நாங்க அதத்தான் குடிக்கோம்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று செய்யவேண்டியது புகைச் சைகைப் பயிற்சி. அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். முகாமிலிருந்து ஒரு புகை எழுந்தால் எல்லாம் சுகம். இரண்டு புகை என்றால் திரும்பி வா. மூன்று புகை என்றால் ஆபத்து, இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வா. ஆறு பெருகினால் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, மூன்று புகை கண்டால் மட்டும் விதிவிலக்கு. இதை எல்லாருமாகப் பேசித் தீர்மானித்து, நெஞ்சில் கைவைத்து உறுதி சொன்னார்கள். முதலில் சொன்னவன் சங்கரலிங்கம்.

மிக்கேலும் நானும் தங்கையாவும் ஆற்றைக் கடந்து எதிர்க்கரைப் பொத்தையின்மேல் காவலுக்குப் போனோம். பொத்தை என்பது மொட்டைப் பாறைக் குன்று. தங்கையா களக்காட்டுப் பக்கத்துப் பனையேறி ஒருவரின் மகன், மிஷன் விடுதியில் படிக்கிறவன், பதினாறு வயது, அதிகம் பேசமாட்டான். போகும்போது முழங்கால் அளவுத் தண்ணீர். பாறை பாறையாகத் தாண்டிப் போய்விட்டோம். மேலிருந்து பார்த்தால் மருதமரமும் அதற்குப் பக்கத்தில் எங்கள் கொடியும் தெரிந்தன.

மத்தியானத்துக்கு முன்பே மேற்கே மலை கறுத்துவிட்டது. எங்கள்மேல் விழுந்தது வெறும் தூறல்தான். மலைமேல் நல்ல மழை பெய்திருக்க வேண்டும். ஆற்றின் சத்தம் மாறியது. கொஞ்ச நேரத்தில் நாங்கள் தாண்டிவந்த பாறைகளில் பாதியைக் காணவில்லை. தண்ணீர் செம்மண் நிறமாகி மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு போயிற்று.

“வடியட்டும். அவசரமில்ல,” என்றான் மிக்கேல். “பசிக்கி, அதுக்கு என்ன செய்ய.”

அப்போது தங்கையாதான் முதலில் பார்த்தான். மருதமரத்துக்குப் பக்கத்தில் ஒரு புகை. எல்லாம் சுகம் என்றேன். அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொன்று. வெள்ளத்தைப் பார்த்துவிட்டுமா திரும்பச் சொல்கிறார்கள் என்று நான் எரிச்சல்பட்டுக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது புகை எழுந்தது. ஈரவிறகுப் புகை, கனமாக, தனித்தனியாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் மூன்று.

மிக்கேல் எழுந்துவிட்டான். “சேசுவே,” என்று மெதுவாகச் சொன்னான். “யானை எறங்கிருச்சோ? யாரும் தண்ணியில போயிட்டானோ?”

இரு, யோசிப்போம் என்று நான் சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடமும் அதுவல்ல. மூன்று புகைக்கு யோசிப்பது கிடையாது. அதற்குத்தான் அந்தச் சைகை.

கொண்டுபோயிருந்த கயிற்றால் மூவரையும் சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டோம். மிக்கேல் முன்னால், தங்கையா நடுவில், நான் பின்னால். நடுவாற்றில் தண்ணீர் மார்புக்கு வந்தது. கையிலிருந்த கம்பை ஊன்றினால் அடியில் பாறை உருளுவது கையில் தெரிந்தது. ஒரு கிளை வந்து தங்கையாவின் காலை வாரியது. ஆள் மறைந்துபோனான். கயிறு என்னையும் இழுத்தது. மிக்கேல் கம்பை விட்டுவிட்டு ஒரு கையால் பாறையைப் பற்றிக்கொண்டு மறுகையால் தங்கையாவின் முடியைப் பிடித்துத் தூக்கினான். பின்னாலேயே வந்த கட்டை, பாறையைப் பிடித்திருந்த அவன் வலது கைமேல் மோதிற்று. எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவன் பிடியை விடவில்லை. எப்படிக் கரைக்கு வந்தோம் என்று இப்போதும் எனக்குத் தெளிவாகத் தெரியாது.

தங்கையா தண்ணீரைக் கக்கினான். மிக்கேலின் மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முகாமைப் பார்த்து ஓடினான். நாங்கள் பின்னால் ஓடினோம்.

மருதமரத்தடியில் மூன்று அடுப்புகள்.

முதல் அடுப்பில் பானை. பக்கத்தில் சங்கரலிங்கம் அகப்பையோடு உட்கார்ந்திருந்தான். நன்றாகத் தள்ளி இரண்டாவது அடுப்பு, இன்னொரு பானை. அதை ஊதிக்கொண்டிருந்தவன் என் அத்தை மகன் சாமுவேல். இரண்டு பானையிலும் வெந்துகொண்டிருந்தது கூட்டாஞ்சோறு. ஒரே மூட்டை அரிசி, ஒரே பை பருப்பு, ஒரே கூடைக் கத்தரிக்காய், ஒரே மரத்து முருங்கைக்கீரை. மூன்றாவது அடுப்பு அதற்கும் அப்பால், கூடாரத்துக்கு வெளியே. அந்தப் பானையில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

“என்னலே, நனைஞ்சு வந்திருக்கீங்க?” என்றான் சாமுவேல். “ஆத்துல வெள்ளம்லா. வடிஞ்சபொறவு வரக்கூடாதா?”

மிக்கேல் மூன்று அடுப்பையும் பார்த்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

“யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டான்.

“ஒண்ணும் ஆகலியே.”

“மூணு புகை.”

சங்கரலிங்கம் திரும்பிப் புகையைப் பார்த்தான். அப்போதுதான் அது அவன் கண்ணில் பட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவன் நடிக்கவில்லை. தாங்களே மூட்டிய மூன்று அடுப்பு அந்த இருபது பையன்களில் ஒருவனுக்கும் மூன்று புகையாகத் தெரியவில்லை. வீட்டில் இருப்பதுபோல அது பாட்டுக்கு இருந்திருக்கிறது.

“தவசுப்பிள்ளை இல்லைல்லா,” என்றான் சங்கரலிங்கம் தயங்கிக்கொண்டே. “அதான் அவுக அவுக பொங்கிக்கிடுதோம். மூணாவது உனக்கும் தங்கையாவுக்கும்தான் மிக்கேலு. நானே விறகு அடுக்கி உலை வச்சிருக்கேன். நீங்க வந்து அரிசிய மட்டும் போட்டாப் போதும்.”

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருவன் வெறுப்பில் செய்தால் அவனோடு சண்டை போடலாம். விறகு அடுக்கி, உலையும் வைத்துவிட்டுச் சிரிக்கிறவனை என்ன செய்வது? நான் மூன்றாவது பானையைக் காலால் உதைத்துத் தள்ளினேன். கொதிநீர் என் காலிலும் பட்டது. சாமுவேல் ஓடிவந்து என் தோளைப் பிடித்தான்.

“அத்தான், பைய. உங்களுக்கு நம்ம அடுப்புதான். உங்கள அங்கன வைக்கல.”

அவன் எனக்கு ஆறுதல் சொன்னான். என்னை எங்கே வைத்திருந்தார்கள் என்பதுதான் என் குறை என்று நினைத்திருக்கிறான்.

என் கழுத்துத் துணியை அவிழ்த்து மிக்கேலின் கையைத் தூக்கிக் கட்டினேன். பக்கத்து ஊரிலிருந்து எலும்பு வைத்தியர் வந்து முட்டை வெள்ளையும் உளுந்துமாவும் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மணிக்கட்டு பழையபடி திரும்பாது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். கரும்பலகையில் எழுதிப் பிழைக்கப்போகிறவனுக்கு வலது கை. நானும் மிக்கேலும் தங்கையாவும் அன்று மிச்ச அவலைத் தின்றோம். சாமுவேல் இலையில் சோறு கொண்டுவந்து என் முன்னால் மட்டும் வைத்தான். அதை அப்படியே எடுத்துப் போய் மாட்டுக்குப் போட்டேன்.

“கோவப்படாதீங்க அத்தான்,” என்றான் சாமுவேல். “அக்கா கலியாணம் ஏற்கனவே தள்ளிப்போயிருக்கு. கடற்கரைக்காரன் கையால பொங்கின சோத்தத் தம்பி தின்னான்னு எவனாவது மாப்பிள்ளை வீட்டுல போய்ச் சொன்னா? அவுக வேற சபை வேற.”

ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயிலில் திருவிருந்து என்று ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணுகிற குடும்பம். எனக்குக் கேட்கக் கேள்வி ஒன்றல்ல, நூறு இருந்தது. வாய் திறந்தால் அடித்துவிடுவேன் என்று எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் தேர்தல். முகாமை முடித்துக்கொண்டு அப்படியே ஊருக்குப் போயிருக்கலாம். ஏற்பாட்டை மாற்றக் கூடாது என்றான் மிக்கேல். அவன் இன்னும் நம்பிக்கொண்டிருந்தான். உறுதிமொழியைக் காப்பாற்றியவன், உயிரைக் காப்பாற்றியவன், எப்படி நம்பாமல் இருப்பான்? மருதமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தோம். நடுவில் ஒரு கல்லின்மேல் விசில்.

சங்கரலிங்கம் முதலில் பேசினான். “மிக்கேலு தைரியசாலி. அத நான் இல்லைங்கல. ஆனா தலைவனா இருக்கவன் யோசிக்கணும்லா? மத்தியான நேரம், அடுப்புப் புகையா இருக்கும்னு தோணவேண்டாமா? தங்கையா போயிருந்தா அவுக அம்மைக்கு யாரு பதில் சொல்லுதது?”

பலர் தலையசைத்தார்கள். மிக்கேல் உட்கார்ந்தபடியே பதில் சொன்னான்.

“தோணல. நீ இருக்க, சாமுவேலு இருக்கான், உங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னுதான் தோணிச்சு. அடுப்புன்னு எப்படி நெனப்பேன்? வந்த அன்னைக்கு ஒரே துணியில அவலு தின்னோம்லா. அதனால அடுப்பும் ஒண்ணுதான் இருக்கும்னு நெனச்சிட்டேன். அந்தப் புத்திக்கொறைச்சல் எனக்கு இருந்தது நெசந்தான்.”

 விருந்தாளிக்கு வாக்கு இல்லை, பேச உரிமையும் இல்லை. இருந்தும் நான் எழுந்து பேசினேன். பேசினேன் என்பது தப்பு, கத்தினேன். வெள்ளைக்காரன் உங்களைக் கூட நிற்கவிடவில்லை என்று எந்த வாயால் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவன் உங்களைத் தன் கூடாரத்தில் சேர்க்கவில்லை, நீங்கள் மிக்கேலைக் கூடாரத்துக்கு வெளியே வைத்தீர்களே என்று கேட்டேன். உங்கள் அடுப்பைப் பார்த்து ஆற்றில் குதித்தவனிடமா புத்தி இல்லை என்று கேட்டேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அவர்களிடம் மரியாதைக்குக் குறைவே இல்லை.

“கொழும்புல வேற மாதிரி அண்ணாச்சி,” என்றான் ஒருவன், நான் நோயாளி என்பதுபோல.

யாருக்கு வாக்கோ அவன் பின்னால் போய் நிற்கவேண்டும். எழுந்தார்கள். சங்கரலிங்கத்துக்குப் பின்னால் முதல் அடுப்பு முழுவதும் போய் நின்றது. மிக்கேல் சாமுவேலைப் பார்த்தான். முகாமுக்கு வரும்வரை மிக்கேல்தான் தலைவன் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவந்தவன் சாமுவேல். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து சங்கரலிங்கம் பக்கம் போனான். இரண்டாவது அடுப்பும் அவன் பின்னால் போயிற்று. மிக்கேலுக்குப் பின்னால் தங்கையா வந்து நின்றான். சற்றுப் பொறுத்து மிஷன் பையன்களில் ஒருவன் மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் இந்தப் பக்கம் வந்தான். அவ்வளவுதான். என் சொந்தக்காரர்களை நினைத்து நான் வெட்கப்பட்டது அன்றுதான் முதல்முறை. இன்றும் விடவில்லை.

சங்கரலிங்கம் விசிலை எடுத்து ஊதினான். எல்லாரும் வரிசையில் நின்றார்கள். மிக்கேலும் எழுந்து போய் நின்றான், கை என் கழுத்துத் துணியில் தொங்க.

“நேத்து நடந்தது இனி நடக்கக் கூடாது,” என்றான் சங்கரலிங்கம். குரலில் உண்மையான கவலை இருந்தது. “அதனால ஒரு திருத்தம் செய்யுதோம். இன்னையில இருந்து ஆபத்துக்கு மூணு புகை கெடையாது. நாலு புகை.”

நல்ல யோசனை என்று பல குரல்கள் எழுந்தன. சைகைத் தாளில் அதைத் திருத்தி எழுதச் சொல்லி என்னிடம் நீட்டினார்கள். நான் வாங்கவில்லை.

“தலைவரே,” என்றான் மிக்கேல் வரிசையிலிருந்து. முதல்முறையாக அப்படிக் கூப்பிட்டான். “நாளைக்கு இந்த மூணு அடுப்புலயும் சேராத ஒருத்தன் வந்து படையில சேந்தா?”

சங்கரலிங்கம் கொஞ்ச நேரம் யோசித்தான். கேலி என்று அவன் எடுத்துக்கொள்ளவில்லை. நியாயமான கேள்வி என்றே நினைத்தான்.

“அப்பம் அஞ்சுன்னு மாத்திக்கிடலாம்,” என்றான்.